ஜெபசிங் அண்ணாச்சியின் பச்சை டிக்

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கும் ஜெபசிங் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கேம் கடைக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் துப்பாக்கி சுட்டால் இந்தப் பக்கம் என் டைப்ரைட்டர் அதிரும். "சவுண்ட கொறை அண்ணாச்சி, கோர்ட்டு பேப்பர் அடிச்சிகினு கீறேன்" என்று நான் கத்தாத நாள் கிடையாது. உடனே குறைப்பார். ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் அங்கே ஏதாவது ஒரு கார் போய் எதிலாவது மோதும். இந்தக் கார்குழலிக்குக் கோபம் மூக்கு மேலே நிற்கும் என்று தெருவே சொல்லும். நிற்காமல் என்ன செய்யும்? அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாசரேத். யானைக்கவுனியில் அவருடைய சித்தப்பா மொத்த மளிகை வைத்திருந்தார். பருப்பு மூட்டை எண்ணுவதற்காக வந்தவர், மூட்டை எண்ணப் பிடிக்காமல் தொண்ணூற்று எட்டில் இங்கே கடை போட்டார். பிள்ளை பெயரில் மகிமா கம்ப்யூட்டர்ஸ். முன்னால் பையன்கள் மணிக்கணக்கில் ஆடுவதற்கு நாலு கம்ப்யூட்டர், பின்னால் பீரோ நிறைய கேம் சிடி. அத்தனையும் காப்பி. அட்டைப்படத்தைக் கலர் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். அப்போது இந்தக் கடலோரம் முழுக்க ஒரிஜினல் கேமைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கப்பலில் வேலை பார்க்கிற யாராவது சிங்கப்பூரிலிருந்து ஒன்று கொண்டு வருவார்கள். அந்த ஒன்றிலிருந்து ஊருக்கே காப்பி.

பேரைக்கூட நம் ஆட்கள் மாற்றிவிடுவார்கள். லாரிக்கு நடுவில் புகுந்து புகுந்து கார் ஓட்டுகிற கேமுக்கு 'எண்ணூர் ரோடு' என்று பெயர். அதன் உண்மையான பெயர் என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு கேமிலும் செய்த கம்பெனிக்காரன் ஒரு பூட்டு வைத்திருப்பான். ஒன்று அட்டையில் அச்சடித்த நீளமான நம்பரைக் கேட்கும். இன்னொன்று ஒரிஜினல் சிடியைப் போடு, இல்லாவிட்டால் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு சின்ன ஃபைலைத் தேடிப் பிடித்து உள்ளே வைப்பார். அடம் அடங்கிவிடும். அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ வரும். "பூட்டு தொறந்துட்டு எக்கா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

பஜாரில் வாங்குகிற சிடி பாதியில் நின்றுபோகும். மூன்றாவது கட்டத்தில் திரை கறுத்துவிடும், கேட்கப் போனால் விற்றவன் இருக்கமாட்டான். அண்ணாச்சி கடையில் அந்தப் பேச்சே இல்லை. எந்த கேமையும் முதலில் அவரே உட்கார்ந்து கடைசிவரை ஆடி முடிப்பார். முடித்த பிறகுதான் காப்பி. ஒவ்வொரு காப்பியிலும் பச்சை மார்க்கரால் ஒரு டிக் போடுவார். டிக் இருந்தால் அந்த கேமுக்கு முடிவு இருக்கிறது, அதை ஜெபசிங் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். எண்ணூரிலிருந்து மூலக்கொத்தளம் வரைக்கும் "பச்ச டிக் கீதா?" என்று கேட்டு வாங்குகிற அளவுக்கு அது பேராகிவிட்டது. அவர் மனைவி சுகிர்தம் மட்டும் தலையில் அடித்துக்கொள்வாள். "இவுகளுக்கு ரெண்டு குடும்பம் எக்கா. ஒண்ணு நானும் மகிமாவும். இன்னொண்ணு அந்த டப்பாவுக்குள்ள கெடக்கு."

இப்போது பாரி மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அக்கா மதியின் வீட்டுக்காரர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டர் வேலை. இடது கையில் ஒரு லீவர், வலது கையில் ஒரு லீவர், கீழே நிற்கிறவன் தலையெல்லாம் கடுகு அளவுக்குத் தெரிகிற உயரம். மாமா கன்டெய்னர் பொட்டியை இறக்கினால் சத்தமே வராது என்று யார்டில் சொல்வார்கள். அவரும் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியை இறக்கி வைக்கும்போதுகூட, "பாத்தியா, சத்தம் வந்திச்சா?" என்பார். அப்படி ஒரு பெருமை அந்த வேலைமேல்.

இரண்டாயிரத்தில், மழை ஆரம்பிக்கிற சமயத்தில், காற்றில் ஒரு கன்டெய்னர் கதவு சாத்திக்கொண்டது. நடுவில் மாமாவின் இடது கை. விரல்கள் நசுங்கிவிட்டன. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நன்றாகவே பார்த்தார்கள். எலும்பு கூடிவிடும், விரலை மட்டும் சும்மா விடாதே, ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இரு என்று சொல்லி அனுப்பினார்கள். யார்டு மேனேஜரும் நல்ல மனிதர்தான். சித்திரைக்குள் கை சரியாகிவிட்டால் கிரேனில் ஏறி ஒரு பொட்டி இறக்கிக் காட்டு, பழைய வேலை உனக்குத்தான், முடியாது என்றால் கேட்டில் வாட்ச்மேன் வேலை தருகிறேன் என்றார். வாட்ச்மேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். சம்பளத்துக்காக மட்டும் அழவில்லை. மாமா கீழே நின்று அடுத்தவனுக்கு கேட் திறந்துவிடுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விரலுக்கு வேலை என்றதும் எனக்கு அண்ணாச்சிதான் நினைவுக்கு வந்தார். கிறிஸ்துமஸ் சமயம், கடையில் கூட்டம் நெரிந்தது. மாமாவின் கையைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மூலையில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்த வாரம்தான் அவரிடம் ஒரு புது கேம் வந்திருந்தது. சரக்குக் கப்பல். இடது கை விரலால் கப்பலைத் திருப்பவேண்டும், வலது கையால் குட்டி கிரேனை ஆட்டி மூட்டையை ஏற்றி இறக்கவேண்டும். துறைமுகம் துறைமுகமாகப் போய்க் கடைசித் துறைமுகத்தில் கப்பலைக் கட்டினால் ஜெயித்த மாதிரி. மாமாவுக்கென்றே செய்தது போல இருந்தது. அதில் பூட்டு எதுவும் இல்லை. நம்பர் கேட்கவில்லை, ஒரிஜினல் கேட்கவில்லை, போட்டவுடன் ஓடியது. "பாவம், வெள்ளந்தியா விட்டுருக்கான் எக்கா" என்று செய்தவனுக்காக அண்ணாச்சி பரிதாபப்பட்டார்.

"பச்ச டிக் கீதா அண்ணாச்சி?" என்று மாமா சிரித்துக்கொண்டே கேட்டார்.

அண்ணாச்சி மார்க்கரை எடுத்து ஒரு டிக் போட்டுக் கொடுத்தார்.

மாமா மாறிப்போனார். காலையில் எழுந்ததும் கப்பல்தான். மூன்றே வாரத்தில் தானே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். டீ டம்ளரை இடது கையில் பிடித்து அக்காவிடம் நீட்டிக் காட்டினார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பொங்கல் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. அக்கா தெருவெல்லாம் கரும்பு கொடுத்தாள்.

பிறகு மாமா கடைசித் துறைமுகத்தை நெருங்கினார். கடல் அமைதியாக இருக்கிறது, புயல் இல்லை, பாறை இல்லை, கரை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. கப்பல் இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தது. மெல்ல மெல்லச் சாய்ந்து மூழ்கிப்போனது. மறுபடி ஆடினார். மறுபடியும் அதே இடம், அதே இடது பக்கம். எப்படித் திருப்பினாலும் அதே கதைதான். மாமா விளையாட்டை நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்க்க ஆரம்பித்தார்.

பங்குனி முடிகிறது. நான் போய்க் கேட்டேன், எப்போது யார்டுக்குப் போகப் போகிறீர்கள் என்று.

"போவல குழலி" என்றார். "கடைசி ஹார்பர்ல கப்பல கட்டினேன்னா ஏணில ஏறலாம்னு வச்சிருந்தேன். கட்ட முடியல. இட்து கை நின்னு பூட்து."

"ஒரு பொம்ம கப்பலுக்கோசரமா மாமா? புத்தி கீதா உனுக்கு?"

"பொம்ம கப்பல் சாஞ்சா எவனும் சாவ மாட்டான். மேலேந்து பொட்டி சாஞ்சா கீழ கீறவன் கதி இன்னா? அண்ணாச்சி தாண்டிக்கிறாரு, டிக் போட்டுக்கிறாரு. ரெண்டு கையும் நல்லா கீறவன் தாண்டுறான், நான் முழுவறேன். இத்த வுட இன்னா டெஸ்டு வேணும்?"

நேராக அண்ணாச்சி கடைக்கு வந்து, அந்த இடத்தை எப்படித்தான் தாண்டினீர்கள், மாமாவுக்கு வந்து சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி பையன்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எக்கா, நான் அத முடிக்கல. மூணாவது துறைமுகம் வரைக்கும்தான் ஆடுனேன். கூட்டம் வேற. அந்தக் கையப் பாத்ததும் மனசு கேக்கல. அவரு டிக் கேட்டதும் போட்டுட்டேன்."

நான் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் அன்றிலிருந்து கடையில் உட்கார்ந்து கப்பலை ஓட்டினார். ஊரில் இருக்கிற அத்தனை கேமையும் முடித்த மனிதர், இரண்டு நல்ல கையோடு, அதே இடத்தில் அதே இடது பக்கமாகச் சாய்ந்து மூழ்கினார். திரும்பத் திரும்ப மூழ்கினார். என்ன காரணம் என்று அவருக்கும் புரியவில்லை. கடையைச் சாத்திவிட்டு என்னோடு வியாசர்பாடிக்கு வந்தார்.

"பாரி, நான் பொய் டிக் போட்டுட்டேன். எனக்கும் கப்பல் முங்கத்தான் செய்யுது. ஒம்ம கையில ஒரு கொறையும் இல்ல" என்று வாசலில் நின்றபடியே சொன்னார். ஊர் முழுக்க மதிக்கிற ஒரு பேரை அவர் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்திருந்தது.

மாமா அவரை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். "பீலா உடாத அண்ணாச்சி. நீயாவது, முடிக்காம டிக் போடறதாவது."

அண்ணாச்சி அங்கேயே ஆடிக் காட்டினார். கப்பல் சாய்ந்தது.

"வேணும்னே கவுக்கற" என்றார் மாமா.

"வேதத்து மேல கை வச்சுச் சொல்லுதேன் ஓய்."

"எனுக்கோசரம் சத்தியம் வேற பண்றியே. நல்ல மன்சன்பா நீ" என்று மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இடது கையால்தான் பிடித்தார். அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. பொய் பேசியே பழகின ஒருத்தன் அன்றைக்குப் போய்ச் சொல்லியிருந்தால் மாமா நம்பியிருப்பார். இவர் இத்தனை நாள் ஒழுங்காக இருந்தது இவருக்கே எதிரியாக வந்து நின்றது.

மாமா வாட்ச்மேன் ஆனார். கொஞ்ச வருஷத்தில் அந்தக் கம்பெனி வள்ளூர் பக்கம் பெரிய யார்டு திறந்தது, அவரையும் அங்கே மாற்றிவிட்டார்கள். காக்கிச் சட்டை, கையில் விசில். அக்கா எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் பித்தான் தைக்கப் போனாள். கல்யாண வீட்டில் மாமா வாளியைத் தூக்குவதில்லை, பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். அண்ணாச்சியோடு பழக்கம் விட்டுப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கடைக்கு வந்து பேசிக்கொண்டிருப்பார். கப்பல் பேச்சை மட்டும் இரண்டு பேருமே எடுப்பதில்லை. பச்சை மார்க்கரை அண்ணாச்சி அதோடு தூக்கி எறிந்துவிட்டார். "டிக் எங்க அண்ணாச்சி?" என்று கேட்கிறவர்களிடம், மை தீர்ந்துவிட்டது என்பார்.

காலம் யாரைக் கேட்டுக்கொண்டு போகிறது? வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்தது. பையன்கள் கேமை வீட்டிலேயே இறக்கிக்கொண்டார்கள். சிடி பீரோ இருந்த இடத்தில் ரீசார்ஜ் கூப்பனும் செல்போன் கவரும் தொங்கின. என் டைப்ரைட்டரும் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்காமல் போனதில் எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. மத்தியான வேளையில் கடை வெறிச்சோடிக் கிடக்கும்போது, ஒரு காராவது போய் எங்காவது மோதக்கூடாதா என்று இருக்கும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தச் சத்தத்துக்காக ஏங்கினேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருநாள் அண்ணாச்சி என் கடைக்குள் வந்து, கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எக்கா, ஒரு வெளிநாட்டுக்காரன் பழைய கேமையெல்லாம் இன்டர்நெட்லயே விக்கான். பூட்டு கெடையாது. சிடி கெடையாது, அட்டையும் கெடையாது. காசு கட்டுனா கேம் வந்துரும். அதுல நம்ம கப்பலும் இருக்கு."

"இருக்கட்டும். அதுக்கு இன்னா இப்போ?"

"வாங்குனவுக கீழ எழுதிருக்காவ. அந்தக் காலத்துக் காப்பி சிடியில கடைசித் துறைமுகமே வராதாம். கேம் செஞ்சவனே வச்ச பொறி. ஒரிஜினல் இல்லன்னு கண்டுபிடிச்சிட்டா, கடைசித் துறைமுகத்துக்குப் போற வழியில கப்பல்ல ஓட்ட விழுந்துரும். யாரு ஓட்டுனாலும் முங்கும். எப்படி ஓட்டுனாலும் முங்கும்." சொல்லும்போதே அழுதுவிட்டார். "பூட்டு இல்லன்னு நெனச்சேனே. பூட்ட உள்ள வச்சிருக்கான்."

அண்ணாச்சியிடம் கிரெடிட் கார்டு கிடையாது. பேங்க்காரப் பெண் கெஞ்சிக் கூத்தாடி என் தலையில் கட்டிவிட்டுப் போன கார்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபசிங் அண்ணாச்சி ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கினார். வாங்கியதும் மாமாவிடம் ஓடவில்லை. முதலில் தான் உட்கார்ந்து ஆடினார். ஒரு வாரம் கடை பாதி நாள் மூடிக் கிடந்தது. சுகிர்தம்கூட ஒன்றும் சொல்லவில்லை, சோற்றைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கடைசித் துறைமுகத்தில் கப்பலைக் கட்டி முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிக்குப் போனோம். புது கேமுக்கு ஒரு லேப்டாப். பழைய காப்பி சிடி புது மெஷினில் ஓடாது என்பதால், மாமா திருப்பிக் கொடுத்துக் கடை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். மாமா இரண்டையும் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"இன்னா அண்ணாச்சி, மறுபடியும் அதே கதையா?"

"நான் எதையும் தொடமாட்டேன். நான் தொட்டா வேணும்னே கவுக்கேன்னு சொல்லுவீரு. நீரே ஓட்டும்."

முதலில் பழைய சிடி. மாமா ஓட்டினார், கப்பல் சாய்ந்தது. பிறகு லேப்டாப். அதில் கடைசித் துறைமுகத்துக்கு முன்னால்வரை அண்ணாச்சி கொண்டுவந்து நிறுத்தி வைத்திருந்தார். மாமா இடது கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். அதே அமைதியான கடல், அதே கரை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்றாள். கப்பல் சாயவில்லை. நேராகப் போய்க் கரையில் நின்றது. மாமா அதைக் கட்டினார். உள்ளே இருந்த பொம்மை மாலுமிகள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள், பாண்டு வாசித்தார்கள்.

காப்பி சிடியில் வைத்திருந்த பொறியை அண்ணாச்சி எடுத்துச் சொன்னார். அதற்குமேல் தாங்காமல் குனிந்து மாமாவின் காலைத் தொடப் போனார். மாமா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ அன்னிக்கே வந்து சொன்ன அண்ணாச்சி. வாசல்ல நின்னு சொன்ன. நான்தான் நம்பல."

அக்கா விட்டுவிடவில்லை. "இத்தன வருசம்" என்றாள். "இத்தன வருசமா இந்த கை நல்லாதானே இருந்துக்குது. நான் சொன்னேன், இவ சொன்னா, டாக்டர் சொன்னாரு. எவன் பேச்சயும் கேக்கல நீ." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். மாமா அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். எனக்கு அந்தக் கேம் செய்தவன்மேல், அண்ணாச்சிமேல், மாமாமேல், எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் காலையில் மாமா மேனேஜர் அறைக்குப் போய், ஒரே ஒரு தடவை ஏறிக் காட்டுகிறேன் சார் என்று கேட்டார். அதே பழைய மேனேஜர்தான், பழைய கதை எல்லாம் தெரிந்தவர். கூட ஓர் ஆபரேட்டர் கேபினில் நிற்கவேண்டும், காலிப் பொட்டி மட்டும்தான் என்று சொல்லி, அந்த வாரமே ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். நானும் அக்காவும் அண்ணாச்சியும் வள்ளூருக்குப் போய் கேட்டுக்கு வெளியே வேலியோரம் நின்றோம். மாமா காக்கிச் சட்டையோடு ஏணியில் ஏறினார். பொட்டி மேலே போனது. நடுவில் ஒருமுறை நின்றது. அக்கா என் கையை நசுக்கிவிட்டாள். பிறகு அது நகர்ந்து, மெதுவாக இறங்கி, தரையில் உட்கார்ந்தது. சத்தமே வரவில்லை. அண்ணாச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் கீழே நின்று கையை ஆட்டினார். போதும், இறங்கி வா, நாளையிலிருந்து கிரேன் டியூட்டிக்கு வந்துவிடு என்று கத்தினார்.

மாமா இறங்கவில்லை. கேபின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சார், இன்னும் ஒரே ஒரு பொட்டி எடுத்துக்கிறேன் சார்."